கிடாரிக்கு அவசரம் வேண்டாம்

ஆலங்காயம், நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு வயதுக் கிடாரி சினைபிடித்துவிட்டால் சந்தோஷப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சினை ஊசிச் செலவு மிச்சம், சீக்கிரம் பால் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. வளர வேண்டிய உடம்பு, கன்றையும் சேர்த்து வளர்க்கிறது. இடுப்பெலும்பு விரியாத கிடாரிக்குக் கன்று வழியில் சிக்கும், இழுத்துத்தான் எடுக்க வேண்டும், நஞ்சுக்கொடி விழாது. தாய் பிழைத்தாலும் பால் குறையும், அடுத்த சினை தள்ளிப்போகும். சில சமயம் இரண்டு உயிரும் போய்விடும்.

நம் பெரியவர்கள் இதற்குப் பயந்ததில்லை. அவர்கள் வளர்த்த நாட்டுக் கிடாரி பருவத்துக்கு வரவே இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும். அதற்குள் உடம்பு தேறிவிடும். இன்று கொட்டகையில் நிற்பது ஜெர்சிக் கலப்பு. நல்ல தீனி கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு மாதத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுகிறது. மாடு மாறிவிட்டது, நாம் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஏர் ஓட்டிய காலத்தில் காளைக்கன்றுக்குக் காயடித்து உழவுக்குப் பழக்கினார்கள். டிராக்டர் வந்த பிறகு அதை யாரும் கண்டுகொள்வதில்லை. எட்டு, பத்து மாதக் கன்றுதானே என்று கிடாரியோடு ஏரிக்கு மேய விடுகிறார்கள். அந்த வயதிலேயே அது சினைப்படுத்தும். அண்ணன் தங்கை என்று மாட்டுக்குத் தெரியாது. எருது விடும் விழாவுக்கு வளர்க்கும் காளைகளும் நம் ஊர்களில் நிறைய. அவற்றைக் கட்டிவைப்பது வளர்ப்பவர் கடமை, நம் கிடாரியைக் காப்பது நம் கடமை.

ஆறு மாதம் ஆனதும் காளைக்கன்றைத் தனியாகக் கட்டுங்கள். வளர்ப்பதானால் கால்நடை மருந்தகத்தில் கிடுக்கி வைத்துக் காயடித்துவிடலாம், கத்தி படாது, ரத்தம் வராது. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு மாதம் சேர்த்து விடாதீர்கள், வீரியம் உடனே போய்விடாது. கிடாரி கத்துகிற நாளைக் காலண்டரில் குறியுங்கள். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வரும். அந்த நாட்களில் மேய்ச்சலுக்கு விடாமல் கொட்டகையிலேயே தீனி போடுங்கள்.

சினை ஊசி போட வயதை மட்டும் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஜெர்சிக் கலப்புக்கு 220 முதல் 250 கிலோ வேண்டும். தராசு தேவையில்லை. நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரையுள்ள அங்குல நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 55, நீளம் 45 என்றால் 206 கிலோ. இன்னும் இரண்டு மாதம் பொறுக்க வேண்டிய கிடாரி அது.

எல்லாம் மீறிக் காளை சேர்ந்துவிட்டால் மறைக்காதீர்கள். தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஊசியால் கலைத்துவிட முடியும். மாதங்கள் ஓடினால் ஆபத்து கூடும். அந்த மருந்தை வாங்கி நீங்களே போடாதீர்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாத மருந்து அது. காலம் கடந்திருந்தால் டாக்டர் சொல்கிறபடி தீனி கொடுத்து, கன்று ஈனும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். சிக்கினால் கயிறு கட்டி இழுக்காமல் 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.