நாற்று முற்றுவதற்குள்

ஏப்ரல் 8, 2025

போன வெள்ளிக்கிழமை பிட்ஸ்பர்கில் எங்கள் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் இந்த ஆண்டு முதல் ஆட்டம். யாங்கீஸ் வந்திருந்தார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வண்டிகளை மறித்து நடப்பவர்களுக்கு மட்டும் விட்டிருந்த கிளெமென்டே பாலத்தின் வழியே அலெகெனி ஆற்றைக் கடந்து மைதானத்துக்குப் போனேன். தோற்றோம். அன்று ஒரு சிறு விமானம், 'பாப், அணியை விற்றுவிடு' என்று எழுதிய துணியை இழுத்துக்கொண்டு மைதானத்தின் மேலே சுற்றியது. பாப் என்பது உரிமையாளர் பாப் நட்டிங். கூட்டமும் அதையே கோஷமாக எழுப்பியது.

நான் கத்தவில்லை. அணி ஊரை விட்டே போய்விடுமோ என்ற பயம் எனக்கு. ஓக்லண்ட் அணி 57 பருவம் ஆடிய ஊரை விட்டுக் கிளம்பிவிட்டது. இந்த ஆண்டு சாக்ரமெண்டோ பக்கத்தில் ஒரு மைனர் லீக் மைதானத்தில் ஆடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மோசமான அணி இருப்பதும் அணியே இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

ஆனால் வலப்பக்கச் சுவரைப் பார்த்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. அந்தச் சுவரின் உயரம் 21 அடி. எங்கள் அணியின் பெருமைக்குரிய பழைய ஆட்டக்காரர் ரொபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21 என்பதால் அப்படிக் கட்டினார்கள். அதில் இருந்த அவர் எண்ணை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை வைத்திருந்தார்கள். ஊரே கொதித்தது. மன்னிப்புக் கேட்டு எண்ணைத் திரும்ப வைத்துவிட்டார்கள். எடுக்கலாம் என்று ஒரு கூட்ட அறையில் யாருக்கோ தோன்றியதே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஏனென்றால் கிளெமென்டே இந்த அணிக்கு வந்ததே ஒரு நிர்வாகத்தின் கூர்மையால்தான். 1954-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து மாண்ட்ரியலில் இருந்த தங்கள் மைனர் லீக் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே அவரை அதிகம் ஆடவிடவில்லை. பைரேட்ஸின் பொது மேலாளர் பிராஞ்ச் ரிக்கி, கிளைட் சூக்ஃபோர்த் என்ற தேர்வாளரை வேறொரு பிட்ச்சரைப் பார்க்க அங்கே அனுப்பினார். சூக்ஃபோர்த்தின் கண் பயிற்சியில் பந்தை எறிந்துகொண்டிருந்த இந்தப் பையன் மேல் நின்றது. பெரிய தொகை கொடுத்து எடுத்த புதியவரை மேல் அணியில் வைக்காவிட்டால், பருவ முடிவில் மற்ற அணிகள் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி. கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் உரிமை. கடைசியில் இருந்தது நாங்கள். 4,000 டாலருக்கு கிளெமென்டே எங்களுக்கு வந்தார்.

கடைசி இடம் என்பது வெறும் அவமானம் இல்லை, கையில் ஒரு சீட்டு என்பதை இந்த ஊர் 70 ஆண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. அந்தச் சீட்டை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கும் இப்போதைய நிர்வாகத்துக்கும் வழக்கு.

மே 8

மேனேஜர் டெரெக் ஷெல்டனை நீக்கிவிட்டார்கள். 38 ஆட்டத்தில் 12 வெற்றி. இந்த ஊர்ப்பக்கத்துக்காரரான டான் கெல்லி பொறுப்பேற்கிறார். நல்ல மனிதர், நன்றாக வரட்டும். ஆனால் அரிசி இல்லாத வீட்டில் சமையல்காரரை மாற்றி என்ன பயன்? யாரை ஆட வைப்பது என்பதுதான் மேனேஜர் கையில் இருக்கிறது. யார் இருக்கிறார்கள் என்பதைப் பொது மேலாளரும் அவருக்குப் பணம் கொடுப்பவரும் முடிவு செய்கிறார்கள்.

மே 18

எங்கள் பிட்ச்சர் பால் ஸ்கீன்ஸ் இன்று பிலடெல்ஃபியாவில் முழு ஆட்டமும் எறிந்தார். எட்டு இன்னிங்ஸ். கொடுத்தது ஒரே ரன். தோற்றது 1–0.

வானொலியை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெரியவரும் நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டிருக்கிறார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 2003-இல் நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தபோது எனக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்போது அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. 1993-இல் தொடங்கி 2012 வரை 20 பருவம், ஒன்றில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. அந்தக் காலம் முழுக்க அவர் ஒரே ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். 1952-இல் ரிக்கியின் அணி 42 வென்று 112 தோற்றது. அந்த வருடங்களில்தான் டிக் குரோட், ராய் ஃபேஸ், கிளெமென்டே, பில் மாஸரோஸ்கி எல்லாரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1960 அக்டோபர் 13 அன்று, யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் மாஸரோஸ்கி அடித்த ஹோம் ரன்னோடு உலகத் தொடரை வென்றோம். பெரியவருக்கு அப்போது பத்து வயது.

"காத்திருந்தோம், கிடைத்தது" என்று முடிப்பார். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். இப்போது அந்தக் கதையில் வேறொன்று தெரிகிறது. முளைத்து வந்தவர்களை மட்டும் நம்பி 1960 வந்துவிடவில்லை. நடுவில் சரியான நேரத்தில் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கேட்சர் ஸ்மோக்கி பர்ஜெஸ், மூன்றாம் பேஸில் டான் ஹோக், பிட்ச்சர் ஹார்வி ஹாடிக்ஸ், மூவரும் ஒரே பரிமாற்றத்தில் சின்சினாட்டியிலிருந்து வந்தவர்கள்.

ஜூலை 6

இந்த வாரத்தை எப்படி எழுதுவது? செயின்ட் லூயிஸ் அணியை மூன்று ஆட்டத்திலும் ஒரு ரன்கூட எடுக்க விடாமல் வென்றோம். உடனே சியாட்டில் போய், மூன்று ஆட்டத்திலும் ஒரு ரன்கூட எடுக்காமல் தோற்றோம். அவற்றில் இரண்டு 1–0.

இந்த அணி எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் இந்த ஆறு ஆட்டத்தையும் காட்டினால் போதும். பிட்ச்சர்களை வளர்க்க இவர்களுக்குத் தெரியும். ஸ்கீன்ஸ், மிட்ச் கெல்லர், இப்போது முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து ஓய்வில் இருக்கும் ஜேரட் ஜோன்ஸ், இண்டியனாபொலிஸில் உள்ள எங்கள் மைனர் லீக் அணியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் பப்பா சாண்ட்லர் என்று வரிசை நீளும். பேட்டர்களை வளர்க்கத்தான் தெரியவில்லை. இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2020-இல் ஏழாவதாக எடுத்தது நிக் கொன்ஸாலஸ். 2021-இல் நாட்டிலேயே முதலாவதாக எடுத்தது கேட்சர் ஹென்றி டேவிஸ். 2022-இல் நான்காவதாக டெர்மார் ஜான்சன். இந்த மூன்று உயர்ந்த இடங்களிலிருந்தும் எதிரணி பிட்ச்சர் பயப்படுகிற மாதிரி ஒரு பேட் இன்னும் வரவில்லை.

டேவிஸை எடுத்ததை மட்டும் வைத்து பொது மேலாளர் பென் செரிங்டனைத் திட்டுபவர்களோடு நான் சேரமாட்டேன். டிராஃப்ட்டில் ஒவ்வோர் அணிக்கும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று ஒரு தொகை உண்டு. முதல் இடத்தில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தை அடுத்த சுற்றுகளில் பெரிய தொகை கேட்ட பள்ளிக்கூடப் பையன்களுக்குக் கொடுத்தார். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்காகக் கல்லூரிக்குப் போகவிருந்த சாண்ட்லர் அந்த ஆண்டு மூன்றாம் சுற்றில் கிடைத்தவர். அது நல்ல யோசனை. தவறு அங்கே இல்லை. எடுத்த பிறகு கையில் பேட்டோடு வருகிற பையனுக்கு இங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதை யாரும் வெளிப்படையாகப் பேசி நான் கேட்கவில்லை.

ஜூலை 31

நேற்று கெப்ரையன் ஹேஸ் பரிமாற்றத்தில் சின்சினாட்டிக்கு. இன்று பிட்ச்சர் டேவிட் பெட்னார் யாங்கீஸுக்கு.

ஹேஸ் போனதற்கு வருந்தினாலும் புரிகிறது. 2022-இல் எட்டு ஆண்டுக்கு 7 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டபோது கொண்டாடினோம். மூன்றாம் பேஸில் அவரைப் போல் பந்தைப் பிடிப்பவர் அரிது. 2023-இல் தங்கக் கையுறை விருதும் வாங்கினார். முதுகு வலி வந்தது, பேட் வரவேயில்லை. பெட்னார் அப்படியில்லை. நகரத்துக்கு வடக்கே மார்ஸ் என்ற சிற்றூரில் வளர்ந்த நம் வீட்டுப் பையன். கடைசி இன்னிங்ஸில் அவர் வரும்போது மைதானமே எழுந்து நிற்கும். அவருக்கு ஈடாக வந்திருப்பவர்கள் மூன்று இளைஞர்கள், மூவரும் இன்னும் மேலே வராதவர்கள்.

ஏழு ஆண்டுக்கு முன் இதே ஜூலை 31-இல் வேறு நிர்வாகம் நேர் எதிரான தவறைச் செய்தது. கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரு பிட்ச்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பின்னால் ஷேன் பாஸ் என மூன்று இளைஞர்களை டாம்பா பே அணிக்குக் கொடுத்தார்கள். ஆர்ச்சர் இங்கே சோபிக்கவில்லை. போன மூவரும் அங்கே எழுந்தார்கள். அந்தச் சூடு பட்டதிலிருந்து இந்த அணிக்கு இளைஞர்களைக் கொடுத்து யாரையும் வாங்கவே பயம் என்று நினைக்கிறேன்.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் பேசிவிட்டு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கம் இப்போது குறுவை. அவருக்கு பேஸ்பால் தெரியாது, ஆனால் நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார். "நாத்து நல்லா இருக்குன்னு பெருமைப்பட்டுக்கிட்டே நாத்தங்கால்ல விட்டு வைக்கக் கூடாதுப்பா. குறுகிய கால நெல்லுக்கு இருபது நாள், மிஞ்சிப்போனா இருபத்திரண்டு. முத்துன நாத்தை நட்டா தூர் கட்டாது" என்றார்.

ஆகஸ்ட் 22

சாண்ட்லர் இன்று மேல் அணிக்கு வந்தார். கடைசி நான்கு இன்னிங்ஸ், ஒரு ரன்னும் இல்லை. வசந்த காலத்திலேயே அவர் தயார் என்று பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். ஒரு பருவத்தில் 172 நாள் மேல் அணியில் இருந்தால் ஓர் ஆண்டுச் சேவை. ஆறு ஆண்டு முடிந்தால் விரும்பிய அணிக்குப் போகலாம். தாமதமாக அழைத்தால் அணிக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். இவரை ஆகஸ்ட் வரை வைத்திருந்ததற்கு அதுதான் காரணமா என்பது உள்ளே இருப்பவர்களுக்கே வெளிச்சம். ஆனால் ஜூனில் ஒரு ரன்னில் தோற்ற இரவுகளில் இவர் இண்டியனாபொலிஸில் எறிந்துகொண்டிருந்தார் என்பதை நான் மறக்கப்போவதில்லை.

செப்டம்பர் 29

நேற்றோடு பருவம் முடிந்தது. 71 வெற்றி, 91 தோல்வி. ஹோம் ரன்னில் 30 அணிகளில் கடைசி, மொத்தம் 117.

இந்த மாதத் தொடக்கத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு ஆல்டூனா போயிருந்தேன். இரண்டு மணி நேரப் பயணம். எங்கள் இரண்டாம் நிலை மைனர் லீக் அணி அங்கே ஆடுகிறது. வலப்பக்கச் சுவருக்குப் பின்னால் பொழுதுபோக்குப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் நிற்கும். கானர் கிரிஃபினைப் பார்க்கத்தான் போனோம். மிசிசிப்பியில் பள்ளி முடித்ததும் 2024-இல் ஒன்பதாவதாக எடுத்த பையன், வயது 19. இந்த ஆண்டு மூன்று நிலைகளில் ஆடி 21 ஹோம் ரன், 65 பேஸ் திருட்டு. எண்களைப் படித்திருந்தேன். ஆனால் அவ்வளவு உயரமான உடம்பு முதல் பேஸிலிருந்து அவ்வளவு வேகமாகக் கிளம்புவதை நேரில் பார்க்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது. என் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் விடவில்லை.

கிரிஃபினைச் சுற்றி நின்றிருந்த மற்ற எட்டுப் பேரையும் பார்த்தேன். அவர்களில் பெரும்பாலோர் இந்தச் சுவரைத் தாண்டி மேலே வரமாட்டார்கள். 2008-இல் இதே பைரேட்ஸ், உத்தரப் பிரதேசத்திலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்களை பிட்ச்சர்களாக ஒப்பந்தம் செய்தது. ஓர் ஆண்டுக்கு முன்வரை பேஸ்பால் பந்தைத் தொட்டிராதவர்கள். அந்தச் செய்தி வந்த நாள் இந்த ஊரில் இருக்கும் இந்தியர்கள் நாங்களெல்லாம் ஒருவரை ஒருவர் அழைத்துப் பேசினோம். ரிங்கு சில ஆண்டுகள் கீழ் நிலைகளில் ஆடினார், முழங்கை போனது. ஒரு அணி தன் முகாமில் ஒரு பையனை எடுக்கும்போது அவனுடைய இருபது வயதுகளைக் கடன் வாங்குகிறது. அந்தக் கடன் மேலே வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் சேர்த்துத்தான். மேலே ஒரு நல்ல அணியைக் கட்டாமல் வருடாவருடம் கீழே நாற்றுப் பாவிக்கொண்டே இருப்பதை என்னால் பொறுமை என்று சொல்ல முடியவில்லை.

நவம்பர் 12

லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது ஸ்கீன்ஸுக்கு. வாக்களித்த அத்தனை பேரும் அவரையே முதலில் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ரன், 216 ஸ்ட்ரைக்அவுட். வெற்றி 10, தோல்வி 10. அந்தப் பத்துத் தோல்வியில் எத்தனை அவருடையவை?

அவர் 2029 முடியும்வரை எங்களோடு. ஆறு பருவத்தில் இரண்டு போய்விட்டன. கிரிஃபின் அடுத்த ஆண்டு வரக்கூடும். நான் செரிங்டனிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் குளிர்காலத்தில் இரண்டு பேட்டர்கள், உண்மையான பேட்டர்கள், ஒருவர் முதல் பேஸுக்கு. பணம் கொடுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் இருக்கிற பிட்ச்சர்களில் ஒருவரைக் கொடுத்து வாங்குங்கள். ஆர்ச்சரை நினைத்துப் பயப்படாதீர்கள்.

விருதுச் செய்தி வந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் தாழ்வாரத்து விளக்கை இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டார். வென்ற நாட்களில் அவர் செய்கிற காரியம் அது. நானும் என் வீட்டு விளக்கைப் போட்டேன். வெளியே லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. பிப்ரவரி நடுவில் பிராடென்டனில் அணியின் பயிற்சி முகாம் தொடங்கும். அவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். விடுப்புக்கு நாளை எழுதிக்கொடுக்க வேண்டும்.