ஆற்றுக்குக் கரை

ஆறு ஊரை வாழவைப்பது; கரையில்லையேல் அதுவே ஊரை அழிப்பது. அதிகாரமும் அத்தகையதே. அதற்குக் கரை கட்டும் முயற்சியே மக்களாட்சி. ஆயின் எல்லாச் சமுதாயங்களும் அக்கரையை ஒரே வகையில் கட்டவில்லை.

தமிழர் கட்டிய கரையொன்றை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபை வாரியத் தேர்வுக்கு விதி வகுத்தது. தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டனர். சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமன்றி, அவன் உறவினர்க்கும் பொறுப்பு மறுக்கப்பட்டது. எனினும் அது நிலமுடைய அந்தணர் சபை. நிலமற்ற உழவனுக்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலையில்லை.

ஜொகூரின் கரை வேறு. 1895-இல் சுல்தான் அபூபக்கர் இம்மாநிலத்திற்கு எழுத்து வடிவில் அரசமைப்பை வழங்கினார். நாட்டின் எப்பகுதியையும் ஐரோப்பிய வல்லரசுக்கு ஒப்படைக்க மன்னருக்கும் உரிமையில்லை என்றது அது. அரை நூற்றாண்டு அவ்விதி ஏட்டில் உறங்கியது. 1945 அக்டோபரில், மலாயன் யூனியனுக்கு வழிகோலிய ஒப்பந்தத்தில் சுல்தான் இப்ராகிம் கையொப்பமிட்டார். உறங்கிய விதி விழித்தது. மன்னரை எதிர்த்துப் பேசுதல் பெருங்குற்றமெனக் கருதிய மலாய்ச் சமுதாயத்தில், அவ்விதியைக் காட்டிப் பலர் கேள்வி எழுப்பினர். 1946 மே 11-இல் ஜொகூர் பாருவில் அம்னோ தோன்றியது. 1948 பிப்ரவரியில் மலாயன் யூனியன் மறைந்தது.

இங்கும் ஒரு குறையுண்டு. யூனியன் எளிதாக்க முனைந்த குடியுரிமை, அதனை அடுத்து வந்த கூட்டரசில் தமிழர் உள்ளிட்ட குடியேறியோர்க்கு அரிதாயிற்று. வலியோரைத் தடுத்த கரை, எளியோர் பலரை வெளியே நிறுத்தியது.

ஆகவே, ஒரு மக்களாட்சியை அளக்க இரு கேள்விகள் வேண்டும்: அது யாரைத் தடுக்கிறது? யாரை உள்ளே சேர்க்கிறது? முதற்கேள்விக்கு மலேசியா 1993-இல் ஒரு விடை தந்தது. ஆட்சியாளர்களையும் விசாரிக்கத்தக்க தனி நீதிமன்றத்தை அரசமைப்புத் திருத்தம் ஏற்படுத்தியது. இரண்டாம் கேள்விக்கும் பின்னர் ஒரு விடை கிடைத்தது. வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆயிற்று. அவ்வுரிமை முதன்முதலில் பயன்பட்டது, 2022 மார்ச் 12-இல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில்தான்.

அன்று வாக்களித்தோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. உத்திரமேரூரில் ஓலை மறுக்கப்பட்டவர் பலர். இங்கோ கையில் கிடைத்த ஓலையைக் குடத்தில் இடாதவர் பலர். குடவோலை முறையைப் பாடமாகப் படிக்கும் மாணவன், பதினெட்டாம் வயதில் வாக்குச்சாவடிக்குச் செல்வானாயின், அப்பாடம் அன்றே நிறைவுறும்.