பாரம் எங்கே இறங்குகிறது

காரைக்காலிலிருந்து பாரிஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டலில் தங்குவதில்லை. புறநகரான சார்செல் பக்கம் ஒரு மகள் வீடு இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பெரியப்பா வீடு. காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962-இல் சட்டப்படி அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் கிளைகள் அவை. அப்படி வருகிறவர்களுக்குக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவது என் தொழில். நானும் காரைக்கால்காரன்தான். இங்கே அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் நின்று விளக்கம் சொல்லி வழிநடத்த அரசு தரும் அட்டை வேண்டும். அதற்கான படிப்பைப் படித்து வாங்கினேன். அந்தப் படிப்பில் ஆண்டுகளும் மன்னர் பெயர்களும் நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐரோப்பியக் கட்டடத்தை எங்கிருந்து காட்டத் தொடங்குவது என்பதை நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எல்லாரும் முதலில் கேட்பது ஈஃபில் டவர். அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். 1889-இல் கட்டி முடித்த இரும்பு அது. யாரும் காட்டித்தர வேண்டியதில்லை, தானே தெரியும். நான் தொடங்குவது சான் தெனி பேராலயத்தில். சார்செலிலிருந்து ரயிலில் வருகிற வழியிலேயே இருக்கிறது அந்த ஊர். தினமும் அதைக் கடந்து வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் பலர் உள்ளே போனதே இல்லை. சுஜேர் என்ற மடாதிபதி 1140-இல் தொடங்கி 1144-க்குள் அதன் கிழக்குக் கோடிப் பகுதியைப் புதுப்பித்தார். கோத்திக் கட்டடக்கலை பிறந்த இடம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பத்தொன்பது ஆண்டு கழித்து, 1163-இல், நோத்ர தாம் பேராலயத்தின் வேலை தொடங்கியது.

இந்த ஆண்டுகளை அப்படியே சொன்னால் யார் மனதிலும் நிற்காது. சுஜேர் கட்டிக்கொண்டிருந்தபோது நம்மூரில் இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சி, சேக்கிழார் பெரியபுராணம் பாடிய காலம் என்பேன். நோத்ர தாமுக்கு அஸ்திவாரம் போட்ட நாளில் தாராசுரம் கோயிலைக் கட்டுவித்த இரண்டாம் ராஜராஜன் அரியணையில் இருந்தான் என்பேன். உடனே முகம் மாறும். “அப்ப ரெண்டும் ஒரே வயசா தம்பி?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அதற்கப்புறம் என் வேலை பாதி முடிந்த மாதிரி.

தெனி என்ற புனிதரின் கதைக்கு இவர்களிடம் விளக்கமே தேவைப்படுவதில்லை. மோன்மார்த்ர் குன்றில் தலை வெட்டப்பட்டவர், அந்தத் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு இந்த ஊர்வரை நடந்தார் என்பது ஐதீகம். நோத்ர தாம் முகப்பின் இடது வாசலில் தலையோடு நிற்கிறார். வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். காரைக்கால் அத்தை ஒருவர் சிரிக்கவில்லை. “நம்ம காரைக்கால் அம்மையார் தலையாலயே கைலாசத்துக்கு நடந்தாங்க. இவரு கையில வச்சுக்கிட்டு நடந்திருக்காரு” என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

பிறகுதான் கட்டடம். தாராசுரத்தில் தூண் மேல் உத்தரம், உத்தரம் மேல் பலகைக்கல். பாரம் நேராகக் கீழே இறங்குகிறது. இங்கே வளைவு. வளைவு பக்கவாட்டில் உதைக்கும். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால் செய்து காட்டச் சொல்வேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து முன்னால் சாய வேண்டும். கால் வழுக்கும். ஆளுக்கொருவர் பின்னால் நின்று முதுகைத் தாங்கினால் நிற்கும். அந்தப் பின்னால் நிற்கிறவர்கள்தான் சுவருக்கு வெளியே பாய்ந்து நிற்கும் உதைகால்கள். ஆற்றின் துர்னெல் கரையோரமாக நடந்தால் நோத்ர தாமில் அவை வரிசையாகத் தெரியும். பாரத்தை அவை வாங்கிக்கொண்டதால் சுவருக்கு வேலை இல்லாமல் போயிற்று, அங்கே கண்ணாடி வைத்தார்கள். 1248-இல் அர்ச்சிக்கப்பட்ட சேந்த் ஷப்பேல் என்ற சிற்றாலயத்தின் மேல்தளத்துக்குப் போனால் சுவர் என்று சொல்ல அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

2019 ஏப்ரல் 15 நோத்ர தாம் தீவிபத்துக்குப் பிறகு இந்தப் பாடம் இன்னும் சுலபமாகிவிட்டது. எரிந்தது ஓக் மரக் கூரை. கூர்கோபுரம் விழுந்து கல் விதானத்தில் சில இடங்கள் உடைந்தன. உடனே பொறியாளர்கள் செய்த வேலைகளில் ஒன்று, உதைகால்களுக்கு அடியில் மரச்சட்டங்களைப் பொருத்தியது. சாய்ந்து நிற்கிற இருவரைத் திடீரென்று விலகச் சொல்லுங்கள், முதுகைத் தாங்கியவர் உள்ளே விழுவார். அதே பயம்தான். 2024 டிசம்பரில் ஆலயம் திரும்பத் திறந்தது.

நேரம் பார்ப்பதும் தொழிலில் ஒரு பகுதி. நம் கோயில்களில் பெரும்பாலும் சாமி கிழக்குப் பார்த்திருக்கும், நாம் மேற்கு நோக்கிக் கும்பிடுவோம். இந்தப் பழைய ஆலயங்களில் பீடம் கிழக்குக் கோடியில், வாசல் மேற்கில். ஆகவே முகப்பைப் படமெடுக்க மாலை வெயில்தான் சரி. காலையில் போய்விட்டு நிழலைத் திட்டக்கூடாது.

கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இது கடலுக்கடியில் படிந்த சுண்ணாம்புக்கல்; சில இடங்களில் கிளிஞ்சல் பதிவு வெளிப்படையாகத் தெரியும். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பெடுத்து வீடு பூசிய கரையிலிருந்து வந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இந்தக் கல்லை நகரத்துக்கு அடியிலேயே வெட்டியெடுத்தார்கள். தெருக்கள் உள்வாங்கத் தொடங்கியபின் 1777-இல் சுரங்கங்களைக் கண்காணிக்கத் தனி அலுவலகமே வைத்தார்கள்.

வெற்றி வளைவில் நான் அதிகம் பேசுவதில்லை. சொல்தா குடும்பத்து, அதாவது பிரெஞ்சுப் படையில் பணிசெய்தவர்களின் குடும்பத்து, பெரியவர்கள் வந்தால் மாலை ஆறரைக்கு அழைத்துப்போவேன். பெயர் தெரியாத படைவீரன் கல்லறையில் 1923 முதல் தினமும் அந்த நேரத்தில் சுடரைத் தூண்டுகிறார்கள். இந்தோசீனாவில் பணி செய்தவரின் மகன் ஒருவர், குடையை மடக்கி இடுக்கிக்கொண்டு, சொல்லாமலே விறைப்பாக நின்றார்.

ஜூலையில் இங்கே பள்ளி விடுமுறை. சில ஆண்டுகளில் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்குச் சரியாக, பாரிஸில் பிறந்த பேரப்பிள்ளைகள் காரைக்கால் வந்து சேர்வார்கள். அப்போது நானும் ஊரில் இருந்தால் வேலை தலைகீழ். கும்பகோணம் பக்கம் தாராசுரத்துக்கு அழைத்துப்போனால் முதல் கேள்வியே வளைவு எங்கே என்பதுதான். வளைவு இல்லை, அதனால் உதைப்பும் இல்லை, முதுகு தாங்க ஆளும் வேண்டாம் என்பேன். ஆனால் கல் உத்தரம் நீளமானால் நடுவில் விரிசல் விடும். ஆகவே தூண்களை நெருக்கி நட்டார்கள். ஏன் உள்ளே இவ்வளவு இருட்டு என்று ஒரு பெண் கேட்டாள். கருவறைக்கு வெளிச்சம் வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, விளக்கொளியில் பார்க்கத்தான் அது என்றேன். அவளுக்கு அது ஒப்பவில்லை. வெளிச்சுவருக்குப் போய், அடியில் வரிசையாகச் செதுக்கிய நாயன்மார் கதைகளில் எங்கள் ஊர்க்காரியைத் தேடத் தொடங்கினாள்.