கடைசி ஒரு முழம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் போடச் சொல்லித்தர ஒரு கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. அல்லூர்க் கரையில் குந்தியிருந்து மண்புழு கோத்துப் பழகாத தோட்டத்துப் பிள்ளை எங்கே இருக்கிறான்?

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். உங்கள் தூண்டில் முள்ளுக்கு மேலே இருக்கிற கடைசி ஒரு முழம் எதனால் ஆனது? "அதென்ன கேள்வி, எல்லாம் ஒரே நரம்புதான்" என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். பிறகு அந்த ஒரு முழத்தை மாற்றினேன். தவறாக மாற்றினேன். அதற்கு விலை கொடுத்தது என் அப்பாவின் கை.

1976ஆம் ஆண்டு. எனக்கு வயது 13. பேராக் மாநிலத்தில் கிந்தா வட்டாரத்தை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். தோட்டத்து எல்லையைத் தாண்டினால், ஈயம் எடுத்து முடித்துக் கைவிட்ட குட்டை ஒன்று. பார்ப்பதற்கு அமைதியான பச்சைத் தண்ணீர். கரையோ வெறும் மணல். இரண்டடி உள்ளே வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் ஆள் காணாமல் போகும் ஆழம். அந்தக் குட்டையில் விரால் இருந்தது. நாம் ஹாருவான் என்போமே, அதுதான். அதைவிடப் பெரிய தோமானும் இருந்தது.

சம்பளத்துக்கு முந்தின வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடையில் பற்றுப் புத்தகம் நிரம்பியிருக்கும். அம்மா கருவாட்டுத் துண்டை எண்ணிப் போடுவாள். அந்த வாரத்துச் சனிக்கிழமை மாலையில்தான் அப்பா தாஜுர் போடப் போவார்.

தாஜுர் தெரியும்தானே? கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற தூண்டில் அல்ல அது. வளைந்து கொடுக்கும் மூங்கில் கழியைக் கரையில் சாய்வாக ஊன்றி, நரம்பைக் கட்டி, முள்ளில் சின்னத் தவளையையோ மீன் குஞ்சையோ கோத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். தவளை தண்ணீரின் மேல்மட்டத்தில் கால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹாருவானுக்கு அதுதான் அழைப்பு. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் கழி வளைந்து கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும். மரம் வெட்டிக் களைத்த மனிதனுக்கு இதைவிட வசதியான மீன்பிடி ஏது?

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. தோமானுக்குப் பல் கூர்மை. நைலான் நரம்பைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். மூன்று வாரத்தில் ஐந்து முள் போயிற்று. முள் சும்மாவா வருகிறது?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. டவுனில் சீனர் சைக்கிள் கடைக்காரர் பழைய பிரேக் கம்பிகளைக் குப்பையில் எறிந்திருந்தார். பொறுக்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கம்பி பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. ஓர் இழையையோ இரண்டு இழையையோ பிரித்தெடுத்திருந்தால் போதும். எனக்கு அந்தப் பொறுமை எங்கே? முழுக் கம்பியையே ஒரு முழம் நறுக்கி, ஒரு முனையில் முள்ளையும் மறு முனையில் நரம்பையும் கட்டினேன். "இனி எந்த மீனும் அறுக்க முடியாதுப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா கம்பியை இழுத்துப் பார்த்தார். "கெட்டிதான்டா" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் இரண்டு அடி வளர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் போனோம். ஐந்தாவது கழி தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. அப்பா நரம்பைப் பிடித்தார். நனைந்த நைலான் கையில் நழுவும் என்பது உங்களுக்குத் தெரியும். நாம் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தார்.

உள்ளே இருந்தது பெரிய தோமான். அது ஒரே பாய்ச்சலில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த மரத்தைச் சுற்றிக்கொண்டது. அதே நேரத்தில் அப்பாவின் காலடியில் மணல் சரிந்தது. மார்பளவுத் தண்ணீரில் போய் விழுந்தார். உடம்பின் பாரமெல்லாம் அந்த இரண்டு சுற்று நரம்பில் தொங்கியது. இறுகிய சுற்றை அவிழ்க்கவும் முடியவில்லை, கரைக்கு ஏறவும் முடியவில்லை. ஏதாவது ஓர் இடத்தில் அறுந்திருக்க வேண்டும். எங்கே அறும்? முள் பக்கத்தில் நான் கட்டியிருந்தது சைக்கிளையே நிறுத்துகிற கம்பி அல்லவா! மேலே இருந்த 40 ராத்தல் நரம்பும் புதியது. ஆகையால் அறுந்தது நரம்பு அல்ல, அப்பாவின் சுட்டுவிரல்.

தவளை வைத்திருந்த டப்பாவுக்குள் ஒரு சிறு கத்தி இருந்தது. எப்படி எடுத்தேன், எப்படி வெட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாக நினைவில்லை. நரம்பு அறுந்ததும் அப்பா கரையைப் பிடித்து ஏறினார். விரலில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

தோட்டத்து டிரெசர் 7 தையல் போட்டார். பால்மரம் வெட்டுகிறவனுக்குச் சுட்டுவிரல் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கத்தியைப் பிடித்துப் பட்டையை மெல்லச் சீவ அந்த விரல் வேண்டும். ஒரு மாதம் அப்பா பெரட்டுக்குப் போகவில்லை. அம்மா தன் நிரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டினாள். பள்ளிக்குப் போகும்முன் நான் போய் மங்கு துடைத்துக் கொடுத்தேன். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பத்து நாள் கழித்து நான் மட்டும் குட்டைப் பக்கம் போனேன். அந்த மரத்தின் அருகே தோமான் செத்து மிதந்தது. வாயில் முள், முள்ளில் என் கம்பி, கம்பியில் நீளமான நரம்பு, நரம்பு மரத்தைச் சுற்றி. கட்டிப்போட்ட நாயைப்போல நகர முடியாமல் செத்திருக்கிறது. எங்கள் குழம்புக்கும் ஆகவில்லை, குட்டைக்கும் ஆகவில்லை.

பக்கத்துக் கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக் சிக் என்று அழைப்போம், அப்பாவைப் பார்க்க வந்தார். வாளியில் இரண்டு ஹாருவான் கொண்டுவந்தார். காயம் ஆறுவதற்கு ஹாருவான் சூப் நல்லது என்பது நம் நாட்டில் மூன்று இனத்தாரும் சொல்லும் கைவைத்தியம் அல்லவா? அம்மா மிளகு தட்டிப் போட்டுச் சூப்பு வைத்தாள். பாக் சிக் என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, கம்பி கட்டிய கதையைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, பெராம்புட் கெட்டியாக இருந்தால் போதாது. அறுகிற இடம் எது என்று நீதான் தீர்மானிக்க வேண்டும்."

பெராம்புட் என்றால் அந்தக் கடைசி ஒரு முழம். முள்ளுக்கும் பெரிய நரம்புக்கும் நடுவே தனியாகக் கட்டுகிற துண்டு. அதற்கு இரண்டு வேலை. மீனின் பல்லைத் தாங்குவது ஒன்று. வேறு வழியில்லாதபோது முதலில் தான் அறுந்து, மற்றதையெல்லாம் காப்பாற்றுவது இன்னொன்று. நான் முதல் வேலையை மட்டும் நினைத்தேன். இரண்டாவதை மறந்தேன்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நானே பழகித் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

முதலில் மீனின் வாயைப் பாருங்கள். கெளுத்திக்கு நரம்பை அறுக்கும் பல் கிடையாது. அதன் பக்க முள்தான் ஆபத்து. சாதாரண நைலானே போதும். ஹாருவானுக்கு அதைவிடக் கொஞ்சம் தடித்த நைலான் போடுங்கள், சிறு பற்கள் உரசினாலும் தாங்கும். தோமான் இருக்கிற தண்ணீர் என்றால் மட்டுமே கம்பி. அதுவும் மெல்லிய இழைகளைப் பின்னி மேலே நைலான் பூசிய கம்பியாக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி ஒருமுறை மடிந்து கோணிவிட்டால் அந்த மடிப்பிலேயே பட்டென்று முறியும். கோணிய கம்பியை நிமிர்த்திக் கட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

இரண்டாவது, பலம். பெரிய நரம்பு 30 ராத்தல் என்றால், கடைசித் துண்டு 20 ராத்தலுக்கு மேல் வேண்டாம். அப்போது அறுந்தாலும் முள்ளுக்குப் பக்கத்தில் அறும். உங்கள் கை தப்பும். மீனின் வாயில் ஒரு முழம் தொங்குமே தவிர, அது மரத்தோடு கட்டுண்டு சாகாது. சாதாரண இரும்பு முள்ளாக இருந்தால் நாளடைவில் துருவேறி உதிரவும் வழியுண்டு.

மூன்றாவது, நீளம். மீன் முள்ளை விழுங்கினாலும் பல் கம்பியில்தான் பட வேண்டும். ஒரு சாண் போதாது, ஒரு முழம் சரி. அதற்குமேல் நீண்டால் உயிரோடு இருக்கும் தவளை அதைத் தானே சுற்றிச் சிக்கலாக்கிவிடும். பெரிய நரம்பையும் இந்தத் துண்டையும் நேராக முடிச்சுப் போடாமல், நடுவில் ஒரு சுழலியை வையுங்கள். மலாய்க்காரர்கள் கிலி-கிலி என்பார்கள். மீன் உருண்டு புரண்டாலும் முறுக்கு மேலே ஏறாது.

நான்காவது, முடிச்சு. நைலானை முள்ளின் காதில் நுழைத்து, தன்னைத்தானே ஐந்தாறு முறை சுற்றி, காதை ஒட்டிய சிறு வளையத்துக்குள் விட்டு, பிறகு வந்த பெரிய வளையத்துக்குள்ளும் விடுங்கள். இறுக்கும்முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பை இழுத்தால் உராய்வில் சூடேறி, முடிச்சே அதன் பலவீனமாகிவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த ஒரு முழத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் நறுக்கிவிட்டுப் புதிது கட்டுங்கள். ஒரு முழம் நரம்பின் விலை எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

ஐந்தாவதை எழுத்தைப் பெரிதாக்கிச் சொல்ல ஆசை: நரம்பைக் கையில் சுற்றாதீர்கள். ஒரு சாண் கட்டையில் சுற்றி இழுங்கள். கட்டை போனால் வேறு கட்டை கிடைக்கும்.

அண்மையில் என் மகன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். ஏரி முழுவதும் பனிக்கட்டியாக உறைந்து, மனிதர்கள் அதன்மேல் நடக்கிறார்கள். கட்டியில் துளை போட்டு ஒரு கருவியை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். மீன் இழுத்தால் அதில் ஒரு சிறு கொடி நிமிர்ந்து நிற்கும். நம் தாஜுர் தலை குனியும், அவர்களுடையது தலை நிமிரும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று சிரித்தேன். அங்கே ஒருவர் பனியில் இரண்டு தூண்டில்தான் வைக்கலாம் என்பது சட்டம். அவர்களுக்கும் பல்லுள்ள மீன் ஒன்று உண்டு. அதன் பெயர் பைக். மோட்டார் சைக்கிள் அல்ல, மீன்தான்.

அவர்களும் கையால்தான் நரம்பை இழுக்கிறார்கள். ஆனால் பெரிய நரம்பாக அவர்கள் போடுவது தடித்த பின்னல் நூல், கையை அறுக்காது. தடித்த நூல் தெளிந்த தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியுமே! அதனால் கடைசி இரண்டு மூன்று அடிக்கு மட்டும் வேறு சரக்கு. பைக் மீனுக்குக் கம்பி அல்லது தடித்த ஃபுளோரோகார்பன், மற்ற மீன்களுக்கு மெல்லிய நரம்பு. ஃபுளோரோகார்பன் நரம்பு 1971இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒளியைக் கிட்டத்தட்ட தண்ணீரைப் போலவே வளைப்பதால் மீனுக்கு எளிதில் தெரியாது. நைலானைப்போல் நீர் உறிஞ்சாது, உரசலையும் தாங்கும். நடுவில் அதே சுழலி. பார்க்கப் பார்க்க எனக்குப் பாக் சிக்கின் குரல்தான் கேட்டது. தூண்டிலின் நியாயம் பனிக்கும் வெயிலுக்கும் ஒன்றுதான்.

1985இல் ஈய விலை விழுந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் மூடின, குட்டைகள் கூடின. எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களும் போய்ச் செம்பனை வந்தது. அப்பாவின் விரல் ஆறியது, ஆனால் முழுதாக மடங்கவே இல்லை. கத்தியை நடுவிரலால் பிடிக்கப் பழகிக்கொண்டு, வேலையிலிருந்து நிற்கும்வரை வெட்டினார். மீன்பிடியையும் விடவில்லை. கடைசித் துண்டைக் கட்டும் வேலையை அவர் என்னிடமிருந்து பறிக்கவும் இல்லை. அடுத்த தடவை போனபோது புது நரம்பை என்னிடமே நீட்டி, "நீயே கட்டுடா" என்றார். நான் கட்டிக் கொடுத்ததை, மடங்காத அந்த விரலால் ஒருமுறை வருடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

நாளைக்கு உங்கள் வீட்டுப் பையன் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால், எத்தனை மீன் கொண்டுவருவாய் என்று கேட்காதீர்கள். "கடைசி ஒரு முழத்தைக் காட்டு" என்று கேளுங்கள். ஈயக் குட்டைக்குத் தனியாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.