பிழையும் திருத்தமும்

எங்கள் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையை நடத்தும் பொறுப்பு இவ்வாண்டு எங்கள் ஐவர்மீது விழுந்தது. கவிதை எழுத வந்தோர் பலர். துணுக்கு எழுத வந்தோர் அதனினும் பலர். எழுதியதைச் சரிபார்க்க மட்டும் ஒருவரும் வரவில்லை! ஆகவே அதுவும் எங்கள் வேலையாயிற்று.

சரிபார்ப்பதன் அருமையை எங்களுக்கு உணர்த்தியது ஓர் அச்சுச் செய்தி. எங்கள் தோழி ஒருத்தி மாவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலில் முதலிடம் பெற்றாள். மறுநாள் ஒரு நாளிதழில் (பெயர் எதற்கு?) படம் அவளுடையது, பெயரோ இரண்டாவதாக வந்தவளுடையது! பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் மூட்டை தூக்கும் அவள் தந்தை, அந்த இதழில் ஐந்து பிரதிகள் வாங்கி வைத்திருந்தார். "படம் நம்ம பொண்ணுதாங்க, பேருதான் மாறிப்போச்சு" என்று கேட்டவர்க்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்.

"இதழின் தேதி, பக்கம், தவறு, சரியானது, இந்த நான்கையும் எழுதுங்கள். கோபத்தை எழுத வேண்டாம்" என்றார் சிஸ்டர். அப்படியே எழுதினோம். ஒன்பது நாள் கழித்து, 'காணவில்லை' விளம்பரத்துக்குக் கீழே, நான்கு வரியில் திருத்தம் வந்தது. பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு எந்தச் செய்தியில் என்ன தவறு நேர்ந்தது என்பதைச் சொல்லவேயில்லை. முதற்செய்தியைப் படித்தவர்களுக்கு இது அதன் திருத்தம் என்பதே புரிந்திராது.

ஒரு சிறுமியின் பெயர்தானே என்பீர்கள். பெரிய இடத்துப் பிழையும் உண்டு. 1979 மார்ச் 22 அன்று, பம்பாய் மருத்துவமனையில் உயிரோடிருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமாகிவிட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாயே மக்களவையில் அறிவித்தார். வானொலியும் அதை நாடெங்கும் பரப்பியது. அன்றே அதைத் திருத்த வேண்டியதாயிற்று. அவர் மறைந்தது அவ்வாண்டு அக்டோபர் 8ஆம் நாள்தான். மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி போட்டிருந்தால் போதுமே!

பிழை திருத்துவதற்கென்றே ஆள் வைத்த பத்திரிகைகளும் உண்டு. இங்கிலாந்தின் 'கார்டியன்' 1997இல் 'ரீடர்ஸ் எடிட்டர்' என்றொரு பதவியை ஏற்படுத்தியது. அதைப் பின்பற்றி நம் சென்னை 'இந்து' 2006இல் கே. நாராயணனை அப்பதவியில் அமர்த்தியது. வாசகர் சுட்டும் பிழையை விசாரித்துத் திருத்தம் வெளியிடுவதே அவர் பணி. பத்திரிகை இசையாவிட்டால் பிரஸ் கவுன்சிலிடம் முறையிடலாம். ஆனால் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது அதன் விதி.

திருத்தும் ஆர்வமும் அளவு மீறக்கூடாது. நூலகத்திலுள்ள பழைய ஆண்டு மலர் ஒன்றில் 'தருமபுரி மாவட்டம், ஒசூர்' என்றிருந்ததைக் கண்டு எங்களில் ஒருத்தி சிவப்பு மையை எடுத்தே விட்டாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் ஒசூர் நம் மாவட்டத்தில்தானே இருந்தது? அச்சான நாளில் அது சரியே. பேனாவை மூடி வைத்தோம்.

இம்மலரில் பெயரோ மதிப்பெண்ணோ தவறாக அச்சாகியிருந்தால், பெற்றோரும் தோழியரும் பக்க எண்ணுடன் எங்களுக்கு எழுதுக. அச்சானதையும் சரியானதையும் அருகருகே போட்டு, அடுத்த மலரின் முதற்பக்கத்தில் வெளியிடுவதாக சிஸ்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்