மாதக் கடைசிப் பால்

எமது மூத்த மகள் நான்கு மாதக் குழந்தையாயிருந்த காலம். தாய் கடமைக்குத் திரும்பியதும், பகலிற் போத்தற் பால் என்றாயிற்று. மாதத்தின் 25ஆம் திகதியளவிற் பால்மாப் பேணியின் அடி தெரியும். சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்க, நான்கு கரண்டி மா இடவேண்டிய நீரில் மூன்றே இட்டோம். பால் வெண்மையாகவே இருந்தது. குழந்தையும் குடித்து உறங்கினாள். கணித ஆசிரியர் போட்ட கணக்கு இது!

தராசு ஏமாறவில்லை. அடுத்த முறை நிறுத்தபோது பதிவேட்டிற் கோடு ஏறாது படுத்துக் கிடந்தது. குடும்ப நல உத்தியோகத்தர் எம்மைக் கடிந்திலர். "எத்தனை கரண்டி போடுறீங்கள், ஐயா?" என்று மட்டும் வினவினார். பொய் நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்னோம்.

நீர்த்த பாலால் வயிறு நிறையும், உடல் தேறாது. மிகையான நீர் குருதியின் உப்பைக் குறைத்து வலிப்பையும் வருவிக்கும். மாவைக் கூட்டினாலோ சிறுநீரகத்துக்குச் சுமை. போதாக்குறைக்கு, பால்மா கிருமியற்றதுமன்று. கொதித்த நீர் 70 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறுமுன் மாவைக் கரைத்து, பின் ஆற்றி ஊட்டுமாறு உலக சுகாதார நிறுவனம் 2007 இல் அறிவுறுத்தியது. கரைத்த பாலை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாது. நாமோ காலையிற் கரைத்ததை மாலைவரை வைத்திருந்தோம். நினைக்க இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

இரவிற் பாலூட்டி வந்தமையால் தாய்ப்பால் வற்றியிருக்கவில்லை. மறுநாள் முதல் மனைவியார் விடியலிற் பாலை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடமைக்குச் சென்றார்; அம்மம்மா அதனைக் கிண்ணத்தால் ஊட்டினார். அடுத்த மாதம் கோடு சற்றே நிமிர்ந்தது.