கானும் கணக்கும்

நாங்கள் ஆயிரம் ரூபா போட்டால் மானியம் தருபவர்களும் ஆயிரம் போடுவார்களாம். கண்டியில் கட்டுக்கலைப் பக்கம் எங்கள் லேனுக்கு வடிகானும் படிக்கட்டும் போட இப்படியொரு சரிபங்கு மானியம் கேட்கலாம் என்று பேச்சு. மழை பெய்தால் மேல்வீட்டுத் தண்ணீர் கீழ்வீட்டு அடுப்படி வழியாக மெத எல கால்வாய்க்குப் போகிற இடம். வேண்டாம் என்று யார் சொல்வார்?

சிக்கல் 'எங்கள் பங்கு' என்பதில்தான். காசுள்ள லேனுக்குக் காசு இரட்டிக்கும். இல்லாத லேனுக்கு? அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988இல் இப்படியொரு நிதி தொடங்கியபோது, உடலுழைப்பையும் பங்காகக் கணக்கெடுத்தது. சிரமதான நாட்டுக்காரருக்கு இது புதிதா என்ன? இங்கே 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், கிணறு, மலசலகூடம் கட்டும் வேலைகளைக் குடியிருப்பாளர் சபைகளிடமே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். (1807இல் வெட்டிய கண்டி வாவியும் சனங்களின் உழைப்புத்தான். ஆனால் அது ராஜகாரிய, அரசனுக்குச் செய்யும் கட்டாய ஊழியம்; மாட்டேன் என்று சொல்ல முடியாது.)

சரி, நாட்கூலிக்குப் போகிறவர் லீவு நாளில் மண் வெட்டினால் என்ன விலை போடுவது? மேசன் பாஸின் கூலியா, கையாளின் கூலியா? அத்தனை பேருக்கும் தேநீர் ஊற்றிச் சோறாக்கும் அக்காமாரின் நேரம்? மானிய விண்ணப்ப வரைவில் அதற்குக் கட்டமே இல்லை. போடச் சொல்லியிருக்கிறேன். கணக்கு எழுதும் மரண உதவிச் சங்கத்து ஐயா சிரிக்கிறார். எழுதிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

கான் போகும் வழியை அளக்க ஞாயிறு காலை அளவுநாடாவோடு வருகிறோம். கீழ்வீட்டுக்காரர் கட்டாயம் நிற்க வேண்டும். தண்ணீர் எங்கே திரும்புகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.